அவள் எடுக்கவில்லை

கற்பூரத்தையும் தலைமயிரையும் சேர்த்துக் கொளுத்தினாற்போன்ற ஒரு வாசனை. பழைய சீப்பு ஒன்று நெருப்பில் விழுந்து கருகினால் இன்றைக்கும் எனக்கு அந்த வாசனை வரும்; கூடவே பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டி நின்ற தகரக் கூரைப் படக்கொட்டகையும், கதவுகளை இழுத்துச் சாத்தியதால் உண்டான மத்தியான இருட்டும், அந்த இருட்டில் திரை நிறைய நின்ற ஒரு சிறுமியின் முகமும் நினைவுக்கு வந்துவிடும். படச்சுருள் எரிந்த வாசனை அது.

ஜப்பான்காரர்கள் ஆண்ட காலம். இந்தியாவிலிருந்து கப்பல் வருவது நின்றுபோனதால் புதுப் படம் என்ற பேச்சே இல்லை. சண்டைக்கு முன்னால் வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்ட சில பழைய படங்களையே கொட்டகைக்காரர்கள் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஓட்டி ஓட்டிச் சுருள் அறுந்தது, ஒட்டினார்கள், மறுபடி அறுந்தது. அவற்றில் ஒரு படத்தை எங்கள் ரயில்வே லைன் வீடுகளில் யாரும் அதன் பெயரைச் சொல்லி அழைத்ததே இல்லை. 'கொலுசுப் படம்' என்பார்கள். நான் முதன்முதலாக அதைப் பார்க்கப் போவதற்குச் சற்று முன்னால்தான் அதன் கடைசிச் சுருள் தீப்பிடித்துப் போயிருந்தது. ஆகவே முடிவில்லாத படத்தைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தோம், அவித்த 'ஊபி'யை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, இலையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு.

கதை பெரிதில்லை. தாயில்லாப் பெண் வடிவு. வீட்டுக்குச் சித்தி வருகிறாள். சித்திக்கு ஒரு குழந்தை பிறக்கிறது. குழந்தையின் வெள்ளிக் கொலுசில் ஒன்று காணாமல் போகிறது. தொட்டில் அருகே கடைசியாக நின்றவள் வடிவு. எடுத்தாயா என்று சித்தி கேட்கிறாள், அப்பா கேட்கிறார், ஊரே கூடி நின்று கேட்கிறது. "இல்லை" என்று ஒரே ஒரு தடவை சொல்கிறாள். அதன்பின் அவள் வாயைத் திறப்பதும் இல்லை, அழுவதும் இல்லை. பெரிய கண்களை இமைக்காமல் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பார்வையோடு படம் அறுந்து, திரை வெள்ளையாகிவிடும்.

"முழியப் பாரு, திருட்டு முழி" என்று கொட்டகையில் குரல் எழும். "எடுக்காதவளா இருந்தா இந்நேரம் அழுதிருப்பாள்ல?" என்று இன்னொரு குரல் தீர்ப்புச் சொல்லும். அழுகிற பிள்ளையை நம்பலாம், அழாத பிள்ளையை நம்பக்கூடாது என்பது பெரியவர்களின் சட்டம். தெருமுனையில் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய்க்கு முதுகு வளையக் குனிந்துவிட்டு, படம் தொடங்குமுன் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசை என்று கிழக்கே பார்த்து இன்னொரு முறையும் குனிந்துவிட்டு உட்கார்ந்த கூட்டம் அது. யாரையும் ஒரு வார்த்தை கேட்க முடியாத ஊரில், திரையில் நின்ற அந்தச் சின்னப் பெண்ணை மட்டும் எல்லாராலும் கேட்க முடிந்தது. நான் அவர்கள்மேல் கடுமையாக இருக்கிறேனோ என்றும் தோன்றுகிறது. என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஆனாலும் எழுதியதை அடிக்க மனமில்லை.

எனக்கு அந்த முகம் புதிதல்ல. அப்பா ரயில் பாதை போடும் வேலையில் இருந்தார். சயாமில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஒரு நாள் காலையில் லைனுக்குள் 'லோரி' வந்து நின்றது. அம்மா மண்ணில் புரண்டு கதறினார். நான் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தபடி நின்றேன். எங்கள் லைனில் துக்கத்துக்கும் சண்டைக்கும் முதல் ஆளாக வந்து நிற்கும் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா, "பெத்த அப்பன் போறான், ஒரு சொட்டு வருதா பாரு. என்ன நெஞ்சோ இந்தப் புள்ளைக்கு" என்றார். அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. லோரி வருவதற்குச் சற்று முன்னால் அப்பா என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய்க் குனிந்து, "அம்மா முன்னால அழுதுடாத சரசு. நீ அழுதேன்னா அவ எந்திரிக்கவே மாட்டா" என்று சொல்லியிருந்தார். நான் வாக்கைக் காத்துக்கொண்டிருந்தேன். லைனோ என் நெஞ்சை அளந்துகொண்டிருந்தது. கொலுசுப் படம் வந்த பிறகு எனக்கு 'வடிவு' என்றே பெயர் விழுந்தது. குழாயடிக்குப் போனால்கூட "வடிவு வரா, சோப்பு பத்திரம்" என்பார்கள்.

கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர் கனி அண்ணன், நாகூர்ப் பக்கத்துக்காரர். திரை வெள்ளையானதும் ஜனங்கள் கூச்சல் போடாமலிருக்க அவர் முன்னால் வந்து நின்று, எரிந்துபோன முடிவை வாயாலேயே சொல்லுவார். உண்மையான முடிவு அவருக்கும் தெரியாது; கூட்டத்தின் முகத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்வார். ஒரு நாள் வடிவு கிணற்றில் விழுந்தாள், ஒரு நாள் போலீஸ்காரர் பிடித்துப் போனார், இன்னொரு நாள் பாம்பு கடித்தது. "நல்லா வேணும்" என்று கூட்டம் திருப்தியாக எழுந்து போகும்.

பாம்பு கடித்த அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணே, அவ எடுக்கல."

கனி அண்ணன் நெற்றிக்குக் கையைக் கொடுத்து இருட்டுக்குள் தேடினார். "யாரு பேசுறது?"

"இன்னொரு வடிவுதான்" என்றார் பின்வரிசையிலிருந்து பாக்கியம் அக்கா. "ரெண்டுக்கும் ஒரே முழி." கொட்டகை சிரித்தது. அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

"எடுக்கலேன்னு நீ பாத்தியா தங்கச்சி?"

"பாத்தேன். தொட்டில்கிட்ட நிக்கிறப்ப அவ கொலுச ஆட்டி ஆட்டிப் பாப்பாவுக்குச் சத்தம் காட்டுறா. பாப்பா சிரிக்குது. திருடுறவ சத்தம் வராமதானே எடுப்பா?"

"அடேயப்பா, வக்கீலு" என்றார் யாரோ ஒருவர். ஆனால் சிரிப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது.

"அப்ப அழுதிருக்கலாம்ல?" பாக்கியம் அக்கா விடவில்லை. "வாய்தான் இல்ல, கண்ணுல தண்ணியுமா இல்ல?"

"அழக்கூடாதுன்னு அவகிட்ட யாராச்சும் சொல்லியிருப்பாங்க."

பாவாடையை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

கனி அண்ணன் வெள்ளைத் திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சரி, நீயே முடிச்சு வையி. கொலுசு எங்க போச்சு?"

அது எனக்குத் தெரியவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் கூட்டம் கைதட்டியிருக்கும். காக்காய் தூக்கிப் போனது என்றிருந்தால்கூடப் போதும். "தெரியல" என்றேன். "ஆனா அவ எடுக்கல."

"சரிலா" என்றார் கனி அண்ணன். "இன்னிக்கு அவ எடுக்கல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. அவங்கவங்க சாமானப் பாத்து எடுத்துக்கிட்டுப் போங்க. எதாச்சும் காணாம்னா அதுக்கும் வடிவத் தேடி வராதீங்க."

வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "பொம்பளப் புள்ள அத்தன பேர் நடுவுல எந்திரிச்சுப் பேசலாமா? யாரு யாருகிட்ட போயி என்ன சொல்லுவாங்கன்னே தெரியாத காலம். தலையக் குனிஞ்சமா, போனமா, வந்தமான்னு இருக்கணும்." என் மணிக்கட்டை அவர் பிடித்திருந்த பிடியில் எலும்பு வலித்தது. சிப்பாயைத் தாண்டி லைனுக்குள் திரும்பியதும், என்னைப் பார்க்காமலேயே, "உன்கிட்ட யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"அப்பா" என்றேன்.

 அவர் கையை விடவில்லை, பிடி மட்டும் தளர்ந்திருந்தது. அதன்பிறகு குழாயடியில் யாராவது என்னை வடிவு என்று அழைத்தால், "அவ பேரு சரஸ்வதி" என்று அம்மா சொல்லத் தொடங்கினார். சிப்பாயின் முன்னால் நிமிராத தலை குழாயடியில் நிமிர்ந்தது. அப்பா திரும்பி வரவில்லை. அவருக்காக நான் அழுதது சண்டை முடிந்து வெகு காலம் கழித்து, யாரும் பார்க்காத இடத்தில்.

இப்போது எனக்குக் கல்யாணமாகிக் கிள்ளானில் இருக்கிறேன். என் மகள் மாலாவுக்கு இனிமேல்தான் பள்ளிக்கூடம். போன மாதம் எங்கள் ஊர்க் கொட்டகைக்குக் கொலுசுப் படம் வந்தது, எரியாத முழுப் பிரதி. இத்தனை வருஷம் காத்திருந்த முடிவைப் பார்க்க ஆசையோடு போனேன். கொலுசு தொட்டில் துணியின் மடிப்புக்குள்ளேயே கிடக்கிறது. வடிவு எடுக்கவில்லை. எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அடுத்த காட்சியில் அந்தப் பெண் ஓடிப்போய்ச் சித்தியின் காலில் விழுந்து, "என்னை மன்னித்துவிடுங்கள்" என்று விம்மி விம்மி அழுகிறாள். எதற்கு மன்னிப்பு? படம் அதைச் சொல்லவில்லை. சித்தி அவளைத் தூக்கி அணைக்கிறாள்; கொட்டகை முழுவதும் மூக்கைச் சிந்துகிறது. கிணறும் போலீஸும் பாம்பும் இதைவிட மேல் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரமே பண்டமாரானில் மாமியார் வீட்டில் மாமனாரின் படம் சுவரிலிருந்து விழுந்து கண்ணாடி நொறுங்கியது. அந்த அறையில் மாலா மட்டும் நின்றிருந்தாள். "நான் இல்ல" என்றாள், ஒரு தடவை. பிறகு பேச்சில்லை. கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே எல்லாரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "அழவே மாட்டேங்குறா பாருங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

"சின்னப் புள்ளதானே, கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு. முடிஞ்சிடும்" என்றார் மாமியார். கெட்டவர் அல்ல, புருஷனின் படம் உடைந்த வருத்தம் அவருக்கு. முடித்துவிடு என்று என் கணவரும் கண்ணைக் காட்டினார். பெரியவர்கள் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. மாலாவின் தோளில் கை வைத்தேன், அழுத்திக் குனிய வைப்பதற்காகத்தான். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

கையை எடுத்துவிட்டேன். "அவ இல்லேன்னு சொல்லிட்டா அத்தை."

"அப்ப யாரு ஒடச்சது?"

"தெரியல அத்தை. ஆனா அவ இல்ல."

அன்றிலிருந்து மாமியார் என்னிடம் பேசுவதில்லை. என் கணவர் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கை பட்டுத்தான் விழுந்ததோ, பிள்ளைக்குப் பிடிவாதத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டேனோ என்று சோறு வடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் நினைத்துக் கொள்கிறேன். ஆயிரம் சந்தேகம் எனக்கு வரட்டும். சந்தேகத்தை நான் சுமந்து கொள்வேன். செய்யாததற்கு என் பிள்ளையைக் குனிய வைக்க மாட்டேன். குனிந்த முதுகுகளை வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று.

பிரிக்பீல்ட்ஸில் அந்தக் கொட்டகை நின்ற இடத்தில் இப்போது லோரி டயர் விற்கிறார்கள். கனி அண்ணன் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. எங்கள் லைனில் என்னை வடிவு என்று அழைக்கவும் ஆள் இல்லை. கதை மட்டும் என்னிடம் இருக்கிறது. மாலா அடிக்கடி அதைக் கேட்கிறாள். வடிவு கண்ணை இமைக்காமல் நிற்கும் இடம் வரைக்கும்தான் சொல்வேன்.

"அப்புறம்?" என்பாள்.

"அப்புறம் சுருள் எரிஞ்சு போச்சு."

"அவ மன்னிப்புக் கேட்டாளாம்மா?"

"இல்ல" என்பேன். "நிமிந்து நின்னுக்கிட்டே இருக்கா."