சபாரியில் வந்த தாய்மாமன்

எனக்குள் இருப்பது ஓர் ஆள் இல்லை. காலையில் பீரோவைத் திறக்கும்போதுதான் இன்றைக்கு யார் வெளியே வருகிறான் என்று எனக்கே தெரியும். நாய்க்காது போல நீண்ட காலர் வைத்த கத்தரிப்பூ நிறச் சட்டை கைக்கு வந்தால் அன்று முழுக்க வாய்த்துடுக்கு. கணுக்காலில் குடை விரிக்கும் பெல்பாட்டம் வந்தால் நடை அகலமாகிவிடும். கரிசல் புழுதி கூடவே எழுந்து வரும், நானும் அதைத் தட்டிவிட மாட்டேன். எல்லாம் யாரோ, எங்கேயோ, எப்போதோ அளவு கொடுத்துத் தைத்துப் போட்டவை. அவற்றைக் கொண்டுவந்து வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு வெயில் காயப்போட்டு, இடுப்பில் ஒரு பிடி பிடித்து என் உடம்புக்கு வரவழைக்கிறேன். கடையில் வரிசையாகத் தொங்கும் புதுச்சட்டைகளில் என்னைத் தேடித் தேடி அலுத்துப்போனவன் நான். நாற்பத்தெட்டு வயதில், பிறர் கழித்த மூட்டைக்குள் அகப்பட்டேன்.

மூட்டைக்குச் சொந்தக்காரர், பழைய துணிக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிற ஒரு வியாபாரி. காலையில் மொபெட்டின் பின்னால் பக்கெட்டும் கூடையும் குடமும் மயில்தோகையாக விரிய ஊர் ஊராகப் புறப்படுவார். சாயங்காலம் தோகை உதிர்ந்து, துணிமூட்டையோடு பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் டீ குடிக்க நிற்பார். நான் நரிக்குடி யூனியன் ஆபீஸில் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரமும் அதுதான். அங்கேயே மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, பிடித்ததை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு வீட்டிலிருந்து ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து கொடுப்பேன்.

"ஊரே துணியக் குடுத்து பக்கெட்டு வாங்குது. நீங்க ஒருத்தர்தான் சார் பக்கெட்டக் குடுத்து துணி வாங்குறீக" என்பார்.

வீட்டில் என் மனைவியின் கணக்கு வேறு. "காலையில எஞ்சேலையப் போட்டு எடுத்த பக்கெட்ட எங்க? அதுவும் சட்டையாயிருச்சா?"

அப்படித்தான் அந்தச் சபாரி வந்தது. மல்லாங்கிணறு பக்கத்து மூட்டை. சந்தன நிறம், அரைக்கை, நான்கு பைகள், தோளில் பட்டை, மேலிருந்து கீழே கருப்புக்கரை ஓடிய பழுப்புப் பித்தான்கள். பேண்ட்டும் கூடவே இருந்தது. போட்டுப் பார்த்தேன். ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியில் நின்றவன் யாருக்கும் எழுந்து நிற்காத ஆளாக இருந்தான். அவனை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

அடுத்த நாள் ஆபீஸில் கடைநிலை ஊழியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அட நீங்களா சார்! ரிட்டையரான பி.டி.ஓ. யாரோ திரும்பி வந்துட்டாருன்னுல்ல பதறிட்டேன்." மனு கொண்டுவந்த இரண்டு அம்மாக்கள் மனுவை நேராக என் கையில்தான் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு இல்லையென்று சொன்னபோதும், "பரவாயில்லய்யா, நீங்களே ஒரு வார்த்த எழுதிக் குடுங்க" என்றார்கள்.

ஊர் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன். என்னைக் கலங்க வைக்கிற ஒரே ஆள் அப்பா.

அப்பா நரிக்குடிப் பக்கத்தில் ஒரு முதலாளி வீட்டுக் கண்மாய்ப்பாசன வயலில் கூலி வேலை பார்த்தவர். எனக்கு வேலை கிடைத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டார். அன்றிலிருந்து வெள்ளை மட்டும்தான், அதுவும் புதிது மட்டும்தான். கடை மடிப்பின் கோடு நெஞ்சில் தெரிய வேண்டும். கழுத்துப்பட்டி நைந்தால் அந்தச் சட்டையை அவரே கிழித்துத் தரை துடைக்கப் போடுவார். யாருக்கும் கொடுக்க மாட்டார். நான் பழைய சட்டையில் கூடத்தைக் கடந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருமுறை ஏன் என்று நான் கேட்டுவிட்டேன்.

"பொங்கலுக்குப் பொங்கல் மொதலாளி வீட்ல கழிச்சதத்தான் போட்டேன்" என்றார். "அது என்னோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். நீ தேடிப் போயி எடுத்துட்டு வார."

"அது அவுக குடுத்ததுப்பா. வேணாம்னு சொல்ல உங்களால முடியாது. இது நானாப் பாத்து எடுத்தது."

"சரிதான். பாக்குறவனுக்கு அது எப்படித் தெரியும்?"

அன்றைக்கும் எடுத்து வைத்திருந்த பழைய சட்டையையே மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன்.

அந்த நேரத்தில் என் தங்கை மகள் பெரியவளானாள். திருச்சுழியில் மண்டபம் பிடித்தார்கள். தாய்மாமன் நான்தான். சீர்த்தட்டுகளுக்கு முன்னால் நடந்து போய், பிள்ளைக்கு மாலை போட்டு உட்கார வைக்க வேண்டியவன். தங்கை போன் போட்டாள்.

"அண்ணே, உனக்கு வெள்ள வேட்டி சட்ட எடுத்து வச்சிருக்கு. நீ பழசப் போட்டு வந்தா அப்பா மண்டபத்துக்கு வருவாராம், போட்டோவுக்கு மட்டும் நிக்க மாட்டாராம்."

"மாமன் நான்தான? நான் நானாத்தான் வருவேன்."

"நீயாவே வா, யாரு வேணாங்குறா? சட்டைய மட்டும் வேற ஆளுதப் போட்டு வா."

"வேற ஆளுதத்தான் போட்டு வாரேன்னு அப்பாவுக்குக் கோவமே."

சிரித்துவிட்டு, உடனே அழுவதுபோலானாள். "வெளையாடாதண்ணே. அந்த மொதலாளி வீட்டுலருந்தும் வாராக. அப்பா மொகத்தப் பாரு."

இரண்டு நாள் யோசித்தேன். வெள்ளையைப் போட்டுக்கொள்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் எல்லாக் கண்ணும் என் மேல் படுகிற அந்த ஒரு நாளில் நான் ஒளிந்துகொண்டால், மற்ற நாளெல்லாம் நான் ஆடியது வெறும் வேஷமாகிவிடும். அந்தப் பிள்ளைக்குப் பிடித்தவனும் இந்த மாமன்தான். சபாரியை எடுத்து வைத்தேன். அப்பா பார்த்தார். எனக்கு முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டார்.

செண்டை மேளம் முன்னால் அதிர, பழத்தட்டும் பலகாரத்தட்டும் பட்டுமாகப் பெண்கள் பின்னால் வர, திருச்சுழிக் கடைத்தெருவில் சந்தன நிறத்தில் நடந்தேன். வெயில் தோள்பட்டையில் வந்து உட்கார்ந்தது. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மண்டப வாசலில் தங்கை மகள் தோழிகளிடம், "சொன்னேன்ல, எங்க மாமா வந்தாத் தனியாத் தெரியும்னு" என்றது காதில் விழுந்தது. என் நடை இன்னும் கொஞ்சம் அகன்றது.

உள்ளே முதல் வரிசையில் அந்த முதலாளியின் மகன் உட்கார்ந்திருந்தார். அவருக்கே எழுபது இருக்கும். நான்கு நாற்காலி தள்ளி அப்பா. நான் கடந்து போகும்போது முதலாளி மகன் கையை நீட்டி மறித்தார்.

"நில்லு தம்பி. இது எங்க அப்பாரு சபாரில்ல?"

கைவிளிம்பை இரண்டு விரலில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தன் அப்பாவை நினைத்துக்கொண்ட சந்தோஷம்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடேயே பக்கத்து நாற்காலிகளைப் பார்த்துச் சொன்னார்: "எங்க வீட்டுத் துணிதான். அந்தக் காலத்துல குடுத்தது, இன்னமும் இவுக உடம்புல நிக்கிது பாருங்க!"

மேளம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. எல்லோருக்கும் கேட்டது. மல்லாங்கிணற்று மூட்டை, வியாபாரி, பக்கெட் எல்லாம் என் நாக்கு நுனிக்கு வந்தன. எதைச் சொன்னாலும் சாக்குப் போலத்தான் இருக்கும். நல்ல பழைய துணி எங்கள் உடம்பில் இருந்தால் அது அவர்கள் வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அப்பா பயந்தது இதைத்தான்.

அப்பா எழுந்து வந்தார்.

"இல்ல மொதலாளி. இது உங்க வீட்டுது இல்ல."

"எப்படிச் சொல்ற? எனக்குத் தெரியாதா?"

"உங்க வீட்ல குடுக்குற சட்டையில பித்தான் இருக்காதே. அறுத்து வச்சுக்கிட்டுல்ல குடுப்பீக." குரல் உயரவே இல்லை. என் நெஞ்சில் விரல் வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். "இதுல பாருங்க. ஒண்ணு கொறையல."

என் பழைய சட்டைகளில் ஒன்றை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. பித்தான் அறுத்த கதையையும் அன்றுதான் கேட்டேன். பிறகு விசாரித்தபோது, பித்தானுக்குப் பதிலாகக் கருவேல முள்ளை ஒடித்துக் குத்திக்கொள்வாராம், குனிந்து நாற்று நடும்போது நெஞ்சில் கீறுமாம். அவ்வளவுதான் சொன்னார்.

முதலாளி மகன் என் கைவிளிம்பை விட்டார். "எங்கம்மா... ஆமா, ஒரு டப்பா நெறைய வச்சிருக்கும்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "வேற யாருதோ போல. கலர் ஒண்ணா இருக்கவும் நெனச்சுட்டேன்."

"அதுக்கென்ன. இருந்து சாப்ட்டுத்தான் போகணும்" என்றார் அப்பா. போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மேளக்காரர்கள் மறுபடி பிடித்தார்கள். நான் போய்ச் சீரை இறக்கி, பிள்ளைக்கு மாலை போட்டேன். சட்டை அன்றுதான் முழுதாக என்னுடையது ஆனதுபோல் இருந்தது.

போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அப்பா வருவாரோ மாட்டாரோ என்று தங்கை என்னைப் பார்த்தாள். வந்தார். ஆனால் என் பக்கம் வராமல் பேத்திக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

"பெரியவரே, மகன் பக்கத்துல வாங்க" என்றார் போட்டோக்காரர்.

"இங்கிட்டே நல்லாத்தான் இருக்கு. எடு நீ."

பேத்தி தலைக்கு மேலாக எட்டி, "அப்ப அவருகிட்ட எனக்காகப் பேசுனது?" என்று கேட்டேன்.

"அவருக்குச் சொன்னது அவருக்கு. எனக்குப் பிடிக்கலங்குறது பிடிக்கலதான்." கேமராவைப் பார்த்து நிமிர்ந்தபடியே கேட்டார்: "அடுத்த விசேஷத்துக்கு என்னத்த மாட்டிட்டு வரப் போற?"

"பெரிய கட்டம் போட்டது ஒண்ணு கெடச்சிருக்கு. பச்சையும் காவியும்."

வெளிச்சம் இரண்டு தடவை வெட்டியது. அப்பா கீழே இறங்கினார். பந்திப் பக்கம் நான்கு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி, என் முதுகில் கண்ணை ஓட்டினார்.

"பின்னாடி பூராச் சுருக்கம். அதுக்காவது நல்லா இஸ்திரி போட்டு மாட்டு."