வலிக்காத கால்

ஆறு வருஷம் வளர்ந்த நாடுகளின் புள்ளிவிவரத்தோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன். அங்கே படிப்பு கூடினால் உடம்பு தேறுகிறது, உடம்பு தேறினால் வருமானம் கூடுகிறது, வருமானம் கூடினால் மறுபடி படிப்பு. இதில் எது எதை இழுக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. எந்த நாட்டில் சர்க்கரை வியாதி ஜாஸ்தி, எங்கே கம்மி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

கீழ்பென்னாத்தூரில் இருந்த அக்காவுக்கும் சர்க்கரை இருந்தது. மாத்திரை போடுகிறாளா என்று போனில் கேட்பேன். "போடறேன்டீ" என்பாள். அதோடு சரி.

எட்டாவதோடு நின்று, மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களையெடுத்து என்னைப் படிக்க வைத்தவள் அவள். எனக்கு டாக்டர் பட்டம் கிடைக்கும்வரை பௌர்ணமிதோறும் செருப்பில்லாமல் அண்ணாமலையார் மலையைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்துக் காலையில், மலைக்குப் பக்கத்திலேயே வேங்கிக்காலில் இருந்த என் வீட்டுக்குக் காபி குடிக்க வருவாள். முதலில் பாதம் எரிகிறது என்று புலம்பினாள். ஒரு பௌர்ணமியில் முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பல்லாம் வலியே இல்லடீ. கல்லு, முள்ளு எதுவும் தெரியல. எல்லாம் அண்ணாமலையார் புண்ணியம்."

மேதாவி நான், கம்ப்யூட்டரிலிருந்து தலை தூக்காமல் "நல்லதுக்கா" என்றேன். சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி செத்துவிடும் என்று என் ஆய்வேட்டிலேயே எழுதியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கண்ணாடிச் சில்லு ஏறியது அவளுக்குத் தெரியவே இல்லை. புண்ணானதும் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பௌர்ணமியும் நடந்திருக்கிறாள். நாற்றம் எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. காலைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரமே எனக்கு வாய்மொழித் தேர்வு. போக மாட்டேன் என்று அழுதேன். திட்டி அனுப்பினாள். முடித்துவிட்டு நேராக அவள் கட்டிலுக்கு வந்தேன்.

"பாஸாடீ?"

"பாஸ்க்கா."

"அப்பாடா! வேண்டுதல் வீண்போகல." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தினி வருஷம் எழுதினியே, அதுல இன்னாதான்டீ கண்டுபுடிச்ச?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வீட்ல ஒருத்தர் படிச்சா, கூட இருக்கறவங்க எல்லாருக்கும் உடம்பு நல்லா இருக்கும்னு."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு போர்வையை இழுத்து, கால் இல்லாத இடத்தை மூடினாள்.

"கரெக்டாதான் எழுதியிருக்க" என்றாள்.