பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோகிறவர்களை எப்படிக் காப்பாற்றலாம் என்று ஆராயும் ஒரு குழுவுக்காக அப்படி இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய் விவரம் சேகரிப்பது என் வேலை. நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய எனக்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் காலை ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் என் கண்முன்னால் ஒரு பெரியவர் சரிந்து விழுந்தார். மூச்சு இல்லை. கூட்டம் கூடிவிட்டது. தப்பாகச் செய்துவிட்டால் பழி வருமே என்று பயந்து, ஆம்புலன்சுக்குப் போன் மட்டும் செய்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் பிழைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து சுந்தரபாண்டியத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். சுவரில் அதே பெரியவரின் படம். அவர் மனைவி எதிரில் உட்கார்ந்தார். படிவத்திலிருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அவர் விழுந்தப்போ பக்கத்துல முதலுதவி தெரிஞ்சவங்க யாராவது இருந்தாங்களாம்மா?"

"ஒருத்தரும் இல்லையாம். இருந்திருந்தா சும்மாவா விட்டிருப்பாவ?"

அதை அப்படியே எழுதிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். மனம் வரவில்லை.

"நான் இருந்தேன்மா. எனக்குத் தெரியும். பயந்துபோய் நின்னுட்டேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அவிய கடைசியா ஏதும் சொன்னாவளா?"

"இல்லம்மா. கையில இருந்த பையைப் பத்திரமா கீழ வச்சாங்க. பொறவுதான் சரிஞ்சாங்க."

"அதுல எனக்கு மாத்திரை இருந்துச்சு" என்றவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

படிவத்தில் 'ஆம்' என்று எழுதினேன். உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு மூன்று வாரம் கழித்து வந்தது. அந்த மனிதருக்கு என் தைரியம் தேவைப்பட்டதோ, அன்று காலை அந்தச் சில நிமிடங்களில்தான்.