ஜாக்கியா, ஒன்பதா

பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் எந்த போல்ட் எந்த அலமாரியில், எத்தனையாவது தட்டில் என்று கேட்டால் ஸ்டோர்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சீட்டாட்டத்திலும் அப்படித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேர் பேக்கிங் மேஜையில் உட்கார்ந்தால், யார் கையிலிருந்து எது விழுந்தது என்று ஆட்டம் முடிந்ததும் வரிசையாக ஒப்பிப்பார். மற்றவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அவருடைய நாற்காலிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த உதவியாளனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. திருட்டுப் பட்டம் கட்டினால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அந்தப் புண்ணியவான் வேறு வழி கண்டுபிடித்தான்.

அவர்கள் ஆடும் ஆட்டத்தில் ஜாக்கிதான் எல்லாவற்றிலும் பெரிய சீட்டு, அதற்கு அடுத்தது ஒன்பது. ஒரு திங்கட்கிழமை ஸ்டோர்கீப்பர் ஜாக்கியை இறக்கிவிட்டு, மேஜையில் விழுந்த நாலு சீட்டையும் அள்ளக் கை நீட்டினார்.

"என்ன சார், ஒன்பதுதானே பெரிசு?" என்றான் உதவியாளன்.

"ஜாக்கிப்பா. என்னைக்கும் ஜாக்கிதான்."

"நம்ம மேஜையில எப்பவும் ஒன்பதுதான் சார். யாரை வேணா கேளுங்க."

கூட ஆடிக்கொண்டிருந்த கம்பெனி டிரைவர் ஆமாம் என்று தலையாட்டினான். ஸ்டோர்கீப்பர் எதிரே இருந்த பேக்கிங்காரனைப் பார்த்தார். பதினோரு வருஷமாக அவருக்கு ஜோடி. அவன் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் சங்கதி அங்கேயே முடிந்திருக்கும்.

"ஒன்பதுதாண்ணே," என்றான் அந்தப் பாவி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மறுநாள் அவர் ஒன்பதை நம்பி ஆடினார். "ஜாக்கி இருக்கும்போது ஒன்பதா? என்னண்ணே ஆச்சு உங்களுக்கு?" என்று மூன்று பேரும் பதறினார்கள். வியாழக்கிழமை, கேட்ட இனத்துச் சீட்டு கையில் இல்லாவிட்டால் துருப்புச் சீட்டால் வெட்டியே ஆகவேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை, அப்படி ஒரு விதி உலகத்திலேயே கிடையாது என்றார்கள். சிரிப்பை அடக்கமாட்டாமல் டிரைவர் கழிப்பறைக்கு ஓடினான். இடத்துக்கு இடம் விதி மாறும் என்று ஸ்டோர்கீப்பருக்குத் தெரியும். ஒரே ஆளுக்காக மூன்று பேர் கூடி மாற்றுவார்கள் என்று தெரியாது.

இரண்டு மாதத்தில், பஸ் நிறுத்தம்வரை போனவர் திரும்பி வந்து ஸ்டோர் பூட்டை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். போல்ட் எந்தத் தட்டில் என்று கேட்டால், "எதுக்கும் நீயே பாத்துடுப்பா," என்றார். கடைசியில் மேனேஜரிடம் தானே எழுதிக்கொடுத்தார்: ஞாபகம் சரியில்லை, விலகிக்கொள்கிறேன். வீடுவரை கொண்டுவந்து விட்ட உதவியாளன், "எல்லாம் மறந்துடறார், பத்திரமா பாத்துக்குங்க," என்று மகனிடம் கண்கலங்கச் சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் அது வசதியாகப் போயிற்று. ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். மருமகள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கென்று எடுத்துவைக்க மறந்துவிட்டாள். மறுபடி உலை வைக்க அவளுக்கு உடம்பு வளையவில்லை.

"சாப்பாடு போடறியாம்மா?"

"இப்பத்தானே சாப்பிட்டீங்க மாமா?"

காலையில் குடித்த காப்பியோடு சரி. வயிறு காந்தியது. அவர் கூடத்திலிருந்த மகன் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, நான் சாப்பிட்டுட்டேனா?"

மகன் பெண்டாட்டியின் முகத்தை ஒருதரம் பார்த்தான்.

"சாப்பிட்டீங்கப்பா."

"ஆமாமா, சாப்பிட்டேன். தப்பா நெனச்சுக்காதம்மா," என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.