தம்பி கொடுத்த புரத மாவு

உக்கிரபாண்டியை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்பார்கள் பரமக்குடிப் பக்கத்தில். ஒரு கை முண்டு மிளகாயை அள்ளிக் குலுக்கினாலே எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுகிற ஆள். அப்பேர்ப்பட்ட மனுஷனைக் கூடப்பிறந்தவனே ஏமாற்றினான்.

அவருக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். போன தை மாதம் கால் பெருவிரலில் கருவேலமுள் ஏறியதுகூடத் தெரியவில்லை. காலில் அவ்வளவு மரப்பு. புண் ஆறவில்லை. சர்க்கரை இறங்கினால் விரல் தப்பும், இல்லையென்றால் எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். மாத்திரையை விடாமல், சாப்பாட்டுக்கு முன்னால் வே புரோட்டீனைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொன்னார். பால் திரிந்தால் தெளிந்து நிற்கிற தண்ணீரிலிருந்து எடுக்கிற மாவு அது. முதலில் அதைக் குடித்தால், சோறு தின்றதும் சர்க்கரை எகிறுவது மட்டுப்படுமாம்.

தம்பி தர்மராஜ் பரமக்குடியில் ஜிம் வைத்திருக்கிறான். அப்பன் செத்தபிறகு உக்கிரபாண்டி படிக்கவைத்து ஆளாக்கிய தம்பி. "நீ கடையில வாங்காதண்ணே, நான் கொண்டாந்து தாரேன்" என்றான். பொய் சொல்லக்கூடாது, முதல் டப்பா நல்ல டப்பாதான். முந்நூறைத் தொட்ட சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்தது. டீக்கடையில் உட்கார்ந்து தம்பி புராணம் பாடினார் உக்கிரபாண்டி.

மூன்றாம் டப்பாவில் எல்லாம் தலைகீழ். மறுபடி முந்நூறுக்கு மேல். பெண்டாட்டி ராக்கு பிடித்துக்கொண்டாள்.

"வாயக் கட்டத் தெரியாத மனுஷனுக்கு மாவு ஒரு கேடா? எங்கன போயித் திருட்டுத்தனமாத் திங்கிறீக?"

"சத்தியமா இல்லடி."

"அப்ப கருப்பர் கோயில்ல சூடம் அணைங்க, பாப்போம்."

அந்த ஊரில் கருப்பர் முன்னால் சூடம் அணைத்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இனிப்பு எதுவும் தொடவில்லை என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார். தட்டை ஏந்தி நின்றவன் தர்மராஜ். அட பாவி!

சர்க்கரையோ இறங்கவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணியவர் என்று ஊர் பேசியது. ராக்கு முகம்கொடுத்துப் பேசுவதை விட்டாள். புண்ணைவிட அதுதான் அவரை வதைத்தது.

வீடு வீடாக வந்து சர்க்கரை பார்க்கிற நாகஜோதிக்குத்தான் சந்தேகம் தட்டியது. "மாமா, நாளைக்கு வெறும் வயித்துல மாவ மட்டும் குடிங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றாள். விடிந்ததும் பார்த்தாள்: நூற்று எழுபது. மாவைக் குடித்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாள்: முந்நூற்றுப் பத்து.

"புரோட்டீனுக்கு இப்பிடி ஏறவே ஏறாது மாமா. டப்பாவுக்குள்ள வேற என்னமோ கெடக்கு."

ராக்கு போன் போட்டுக் கொழுந்தனை வரவழைத்தாள். கொஞ்ச நேரம் மழுப்பினான். பிறகு சொன்னான்:

"நல்ல சரக்கு சரியா வரலண்ணே, வந்தது ஜிம்முக்கே பத்தல. ஜிம்முக்கு வாரவனுக ஒரு வாயி குடிச்சாலே கண்டுபிடிச்சிருவானுக. ஒனக்கு என்ன தெரியப்போகுதுன்னு, ஒடம்பு ஏத்துற சீனி மாவ டப்பா மாத்திக் குடுத்துட்டேன்."

"அதைத் தெரிஞ்சுக்கிட்டேவாடா எனக்குச் சூடத்தட்டுப் பிடிச்ச?" என்று கேட்டார் உக்கிரபாண்டி.

அதற்குள் விரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் விரலை எடுக்குமுன் சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போடவேண்டும் என்று நர்ஸ் தாளை நீட்டினார். தர்மராஜ் முந்திக்கொண்டு பேனாவை எடுத்தான்.

"வையிடா கீழ" என்றார் உக்கிரபாண்டி. "எம்பொண்டாட்டி போடட்டும்."

ராக்கு ஓவென்று அழுதாள். "நானுந்தான ஒங்களத் திருட்டுத்தீனி திங்கிறீகன்னேன்? எனக்கு மட்டும் என்ன யோக்கியத இருக்கு?"

"நீ என்னைய நம்பல, அம்புட்டுத்தான். இவன் நம்பவச்சுல்ல கழுத்தறுத்தான். போடு."