பள்ளி வேனைத் துரத்திய கம்பெனி

ஸ்டார்ட்அப் தொடங்குவது என்பது, மாதாமாதம் சம்பளம் போட்டுக்கொண்டிருந்த ஒரே ஒரு மேலாளரை உதறிவிட்டு, சம்பளமே தராத நூறு மேலாளர்களை நாமாகத் தேடிப்போகும் தொழில். நீங்களும் அந்தப் பாவத்தைச் செய்தவர் என்றால் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். தொழில்முனைவோருக்கான அறிவுரைகளை எல்லாரும் மேடையில் சொல்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்கிறேன். ஹைதராபாத்தில் தெலுங்கிலும் ஹிந்தியிலும் காதில் விழுந்ததை உங்கள் வசதிக்காகத் தமிழில் போட்டிருக்கிறேன். மொழிதான் என்னுடையது, பேச்சு அவரவருடையது.

உண்மையான பிரச்சினையைக் கண்டுபிடியுங்கள்

எனக்குப் பிரச்சினை வீட்டிலேயே கிடைத்தது. மாரெட்பள்ளியில் எங்கள் அடுக்குமாடி வாசலில் என் மனைவி உஷா தினமும் காலையில் ஒரு கையில் மகளின் பையும் ஒரு கையில் போனுமாக நிற்பாள். பள்ளி வேன் டிரைவர் யாதகிரி போனை எடுக்க மாட்டார். வேன் எங்கே வருகிறது என்று தாய்மார்களுக்குக் காட்ட ஓர் ஆப் செய்தால் ஊரே நம்மைக் கொண்டாடும் என்று தோன்றியது. கச்சிபௌலியில் பார்த்துக்கொண்டிருந்த ஐடி வேலையை விட்டேன். என்னோடு வேலை பார்த்த கார்த்திக்கையும் விட வைத்தேன்.

உஷாவின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருப்பது. சம்மதத்தையும் அந்த ஊர்ப் பேச்சில்தான் தந்தாள்; அங்கே 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம். "ஹவ், ஆரம்பிங்க. ஆனா அடுத்த ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள ஒரு ஸ்கூலாவது சரின்னு கையெழுத்துப் போடணும். இல்லேன்னா இந்த வேலை நக்கோ, பேசாம ஆபீஸுக்குப் போயிடுங்க" என்றாள். நானும் ஒப்புக்கொண்டேன்.

ஆப் தயாரானதும் முதல் ஒத்திகை வீட்டுக் கூடத்தில் நடந்தது. யாதகிரியின் போனில் ஆப்பைப் போட்டுவிட்டு, என் போனை நடுவில் வைத்துக்கொண்டு நானும் உஷாவும் கார்த்திக்கும் சுற்றி நின்றோம். திரையில் வேன் இரண்டு தெரு தள்ளி அசையாமல் நின்றது. கார்த்திக் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே பால்கனியிலிருந்து என் மகள் நிலா எட்டிப்பார்த்துக் கத்தினாள்: "டாடி, வேன் ஆகயா! வந்துடுச்சு!"

கூச்சப்படாமல் கதவைத் தட்டுங்கள்

முதல் வாடிக்கையாளராக நிலா படித்த பள்ளியையே குறிவைத்தோம். பிரின்ஸிபால் மேடத்தைப் பார்க்கப் புது விசிட்டிங் கார்டுகளோடு போனோம். அதன்படி நான் தலைமைச் செயல் அதிகாரி. கார்த்திக் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. தலைமையேற்க வேறு ஆள் கம்பெனியில் இல்லை.

"கம்ப்யூட்டர் கம்பெனியா? வாங்க வாங்க" என்று அலுவலக அம்மா எங்களைப் பாய்ந்து வரவேற்று ஒரு பிரிண்டருக்கு முன்னால் நிறுத்தினார். காலையிலிருந்து காகிதத்தை விழுங்கிக்கொண்டிருந்ததாம். மறுத்தால் மேடத்தைப் பார்க்க முடியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே கைவிட்டு இழுத்தார், தலைமைச் செயல் அதிகாரி மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மேடம் எங்களை உட்கார வைத்து, ஆப்பைப் பொறுமையாகப் பார்த்தார். ஒரே ஒரு வேனில் சோதனை நடத்த அனுமதியும் கொடுத்தார். படியிறங்கும்போது எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னாலிருந்து அலுவலக அம்மாவின் குரல் கேட்டது: "நாளைக்கும் வாங்க தம்பி, லேப்ல இன்னொரு பிரிண்டர் இருக்கு."

வெளிப்படையாக இருங்கள்

யாதகிரி மதியம் பிள்ளைகளை அழைக்கப் போகும் வழியில் ஒரு மிர்ச்சி பஜ்ஜி வண்டியருகே நிறுத்துவார். இது இவ்வளவு காலமும் அவருக்கும் பஜ்ஜிக்காரருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எங்கள் ஆப் அதை அந்த வேனில் பிள்ளைகளை அனுப்பும் அத்தனை வீட்டுக்கும் வரைபடத்தோடு காட்டியது. ஆப் வந்த முதல் வாரமே அவருக்குப் போன் மேல் போன். "சார், இது வேன் பார்க்கிற மிஷினா, என்னைப் பார்க்கிற மிஷினா?" என்று என்னை நேரில் வரவழைத்துச் சண்டை பிடித்தார். அவர் ஆப்பை அழித்துவிட்டால் சோதனை அம்போ. நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே மறுபடி போன் அடித்தது. நீங்களே கேளுங்கள் என்று ஸ்பீக்கரில் போட்டார். ஒரு தாயின் கனிவான குரல் வந்தது: "யாதகிரி அண்ணா, பஜ்ஜிக் கடையிலதானே நிக்கிறீங்க, தெரியுது. வரும்போது எங்க வீட்டுக்கு ரெண்டு பிளேட் கட்டிட்டு வாங்க."

முதலீட்டாளரைச் சந்தியுங்கள்

பஜ்ஜிக்குப் பிறகு மதிய நேரத்தில் ஆப்பைத் திறப்பவர்கள் மளமளவென்று கூடினார்கள். கார்த்திக் அதை ஒரு வரைபடமாகப் போட்டான். கோடு மலையேறுகிற மாதிரி இருந்தது. அதைக் காட்டத்தான் கச்சிபௌலியில் ஒரு முதலீட்டாளரிடம் நேரம் வாங்கினோம். எங்கள் கார் பாலத்துக்குக் கீழே நெரிசலில் மாட்டிக்கொண்டது. அவர் போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்றார். "வந்துட்டே இருக்கோம் சார்" என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதையேதான் சொன்னேன்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து மலையேறும் கோட்டைக் காட்டினோம். மதியத்தில் மட்டும் ஏன் இவ்வளவு ஏற்றம் என்று கேட்டார். "தாய்ப்பாசம் சார்" என்றான் கார்த்திக், கண் இமைக்காமல். இதில் ஏஐ எங்கே என்றார். சீக்கிரம் வந்துவிடும் என்றோம். அவர் லேப்டாப்பை எங்கள் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "வண்டி எங்கே இருக்குன்னு சொல்றதுதானே உங்க தொழில்? 'வந்துட்டே இருக்கேன்'னு என் டிரைவரும்தான் சொல்றான். அவனுக்கு நான் முதலீடு பண்ணலையே."

வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுங்கள்

இது புனிதமான அறிவுரை. இதை மட்டும் நான் அப்படியே கடைப்பிடித்தேன், அதுதான் வினை.

கல்வியாண்டு முடிய ஒரு வாரமே இருந்தது. அந்த வாரம் நன்றாக ஓடினால் எல்லா வேன்களுக்கும் கையெழுத்துப் போடுகிறேன் என்று மேடம் சொல்லியிருந்தார். ஆப்பில் இன்னும் என்ன வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டோம். வேன் எங்கே என்று தெரிவதில் ஒருவருக்கும் பெரிய மகிழ்ச்சி இல்லை. எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: ரெண்டு நிமிஷம் நில்லுங்கள் என்று வேனுக்குச் சொல்ல ஒரு வழி. கார்த்திக் உட்கார்ந்து 'வெயிட்' என்று ஒரு பச்சைப் பட்டன் செய்தான். அழுத்தினால் யாதகிரியின் போன் அலறும், அவர் நிற்பார். எத்தனை முறை அழுத்தலாம் என்று வரம்பு வைக்க வேண்டாமா என்றேன். வாடிக்கையாளரை வரம்புக்குள் அடைக்கக் கூடாது என்றான் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி.

மறுநாள் காலை எல்லா வீட்டிலும் அழுத்தினார்கள். பிள்ளை தயாராக இல்லாதவர்கள் அழுத்தினார்கள். வேன் எப்படியும் தாமதம்தானே என்று தயாராக இருந்தவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று அழுத்தினார்கள். எங்கள் வீடு கடைசி நிறுத்தம். அங்கே நிலாவின் ஒரு ஷூவைக் காணவில்லை. சோபாவுக்கு அடியில் தலையை விட்டபடியே உஷா பட்டனை அழுத்தினாள். பிறகு மறுபடியும் அழுத்தினாள். எனக்கு அது தெரியாது. நான் அறைக்குள் உட்கார்ந்து, பயன்பாடு கூடுவதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். பிரார்த்தனை முடிந்து முதல் வகுப்பும் தொடங்கியபின் மேடம் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை: "உங்க ஆப் ரொம்ப நல்லா வேலை செய்யுது. வேன் எங்கே இருக்குன்னு துல்லியமாத் தெரியுது. உங்க வீட்டு வாசல்லதான் நிக்குது."

தோல்வியைக் கொண்டாடுங்கள்

மேடம் கையெழுத்துப் போடவில்லை. ஜூன் வந்தது, பள்ளி திறந்தது. ஆப்பை நிறுத்தியாகிவிட்டது. முதல் நாள் காலை நிலாவைக் கீழே வாசலுக்கு அனுப்பிவிட்டு நான் பால்கனியில் நின்றேன். வேன் தெரு முனையில் திரும்பி வந்தது. ஒரு வருடம் நான் துரத்தியது அந்த மஞ்சள் வேனைத்தான். அது நான் இருக்கிறேனா இல்லையா என்று கவலைப்படாமல் வந்து நின்று, குழந்தையை ஏற்றிக்கொண்டு போயிற்று. தோல்வியைக் கொண்டாடச் சொல்பவர்கள் இந்த இடத்தில் கேக் வெட்டுவார்களோ என்னவோ.

உஷா பின்னால் வந்து நின்றாள். ஜெயித்துவிட்ட முகத்தை எதிர்பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. தான் அன்றைக்குப் பட்டனை அழுத்தாமல் இருந்திருக்கலாம் என்றாள். விடு என்றேன். என் தோளில் கை வைத்தாள்: "ஆனா சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பட்டன் மட்டும் ஜோரா இருந்துது."

மறுபடியும் எழுந்திருங்கள்

எழுந்துவிட்டேன். கச்சிபௌலியில் பழைய மாதிரியே ஒரு வேலை. கம்பெனி ஷட்டில் எங்கள் தெரு முனைக்கே வருகிறது. அதற்கும் யாரோ ஆப் செய்திருக்கிறார்கள். ஷட்டில் எங்கே என்று நன்றாகத் தெரிகிறது. போன வாரம் அது தெரு முனைக்கு வந்துவிட்டதைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டே, ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் ஒரு கையில் போனுமாக லிஃப்டுக்குக் காத்துநின்றேன். வேறு வழியில்லாமல் டிரைவருக்குப் போன் போட்டு, ரெண்டு நிமிஷம் நில்லுங்கள் என்று கெஞ்சினேன். நல்ல மனிதர், நின்றார். மூச்சு வாங்க ஏறிய என்னைப் பார்த்து அனுதாபத்தோடு சொன்னார்: "தினமும் யாராவது இப்படிப் போன் பண்றாங்க சார். ஆப்லயே நிக்கச் சொல்ல ஒரு பட்டன் வெச்சா எவ்வளவு நல்லா இருக்கும். இது எந்த மகானுக்கும் தோணலையே!"

ஆகவே சக நண்பர்களே, ஊருக்கெல்லாம் வேன் எங்கே வருகிறது என்று சொல்லக் கிளம்பிய நான் கடைசியில் கற்றது, வேன் வருவதற்கு முன்னால் வாசலில் போய் நிற்க வேண்டும் என்ற ஒன்றைத்தான், அதையும் இன்னும் பழகியபாடில்லை.