குறை கேட்கும் ஞாயிறு

போன வாரம் வீட்டுக்குக் கிட்ட உள்ள இந்தியச் சாமான் கடையில், ஊதுபத்திக்கும் தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கும் நடுவே சிவப்புக் கார்பாலிக் சவர்க்காரம் அடுக்கியிருந்தார்கள். ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தபடி நின்றுவிட்டேன். “பழசு இல்லக்கா, போன மாசம்தான் வந்துச்சு” என்றாள் கல்லாவில் இருந்த மதுரைப் பெண். அந்த வாசத்தில் டாக்டர் ஐயா வந்து நின்றதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

எண்பதுகளின் கடைசியில், நியூசிலாந்துக்கு வந்த புதிதில், ஆக்லாந்தின் மவுண்ட் வெலிங்டன் பகுதியில் ரஞ்சி அக்கா வீட்டில் ஓர் அறை எடுத்து இருந்தேன். ஈஸ்ட் டாமாக்கியில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள், இங்கே பச்சை வயரையும் சிவப்பு வயரையும் மாற்றிக் கொடுத்து மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஐயா ரஞ்சி அக்காவின் தகப்பன். சாப்பாட்டுக்கு முன் அந்தச் சவர்க்காரத்தால் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். ஈரக் கைகளை உயர்த்திப் பிடித்தபடி குசினிக்குள் வந்து நிற்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் துவாயை நீட்டினேன். “தாங்ஸ் நேர்ஸ்” என்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார். இருவருக்குமே வெட்கமாகப் போய்விட்டது.

வன்னியில் காட்டோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் ஒருவர்தான் சத்திரசிகிச்சை செய்பவர். கரடி கிழித்த முகம், மிருகத்துக்கு வைத்த கட்டுத்துவக்கில் சிதறிய கால், எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். மாற்றல் வந்தபோதும் போகாமல், பக்கத்திலேயே காடு வெட்டித் தென்னந்தோட்டம் போட்டார். தேர்தல் வந்ததும், அவரிடம் தையல் போட்டுக்கொண்ட சனமெல்லாம் சேர்ந்து ‘தைத்த கைக்கே வோட்டு’ என்று கத்தி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவிட்டது. பிறகு சண்டை வந்தது. தோட்டத்தில் ஆமி முகாம் போட்டது. மனைவியும் போய்ச் சேர, மகள் இங்கே கூப்பிட்டுக்கொண்டாள்.

அந்த நாளைய ஆக்லாந்து ஞாயிறு உங்களுக்குத் தெரியாது. மூலையில் உள்ள டேரி என்கிற சில்லறைக் கடையைத் தவிர எல்லாம் பூட்டு. தெருவில் நாய்கூட யோசித்துத்தான் நடக்கும். ரஞ்சி அக்கா நேர்ஸ் வேலைக்குப் போய்விடுவார். டாக்டர் ஐயா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசைக் கதிரைகளை முன்னறையில் வரிசையாகப் போடுவார். எம்.பி.யாக இருந்தபோது ஞாயிறு காலைகளில்தான் அவர் சனங்களிடம் குறை கேட்டவராம். “ஒருத்தரும் வரமாட்டினம்” என்று பேத்தி இங்கிலீசில் சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிக்குப் போய்விடும்.

எனக்கும் பேச்சுத்துணை இல்லை. போய் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன்.

“என்ன குறை பிள்ளை?”

“ஞாயிற்றுக்கிழமையில பஸ் ஒழுங்கா வாறேல்லை ஐயா.”

“அது பெரிய அநியாயம்” என்று மெய்யாகவே கோபப்பட்டார்.

அதன்பின் வாரம் ஒரு குறை தேட வேண்டியதாயிற்று. குறைகள் இல்லாமலில்லை, எம்.பி. ஒருவரிடம் சொல்லக்கூடிய குறைதான் கிடைக்கவில்லை. இந்த ஊரில் என் பெயரை ஒழுங்காகச் சொல்ல ஓர் ஆள் இல்லை என்பதை எந்தச் சபையில் எழுப்புவது?

ஒரு மாரிகாலத்தில் ரஞ்சி அக்கா சேதி கொண்டுவந்தார். அப்பாவின் தொகுதியைச் சேர்ந்த யோகன் என்பவர் மெட்ராசில் அகதியாக இருந்துவிட்டு இங்கே தம்பியிடம் வந்திருக்கிறார்; ஞாயிற்றுக்கிழமை ஐயாவைப் பார்க்க வருவாராம். டாக்டர் ஐயா அந்த வாரம் இரண்டு தரம் தலைமயிர் வெட்டினார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். முதல் தரம் வெட்டியது பிடிக்கவில்லை.

யோகனுக்கு நாற்பது வயதிருக்கும். நனைந்த கோட்டைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தார்.

“நான் போடுவிச்ச பாலம் இருக்கோ?”

“இருந்தது ஐயா. பிறகு உடைச்சுப்போட்டாங்கள்.”

ரஞ்சி அக்கா அன்று லீவு எடுத்துச் சுட்ட வடை இருந்தது. ஒருவரும் தொடவில்லை. யோகன் தன் கைகளையே பார்த்தபடி கதைத்தார்.

“நீங்கள் எம்.பி.யாகிக் கொழும்புக்குப் போனாப்பிறகு ஆஸ்பத்திரியில கத்தி பிடிக்க ஆளில்லை ஐயா. என்ர மனிசிக்குப் பிள்ளை குறுக்கால கிடந்தது. பட்டணத்துக்குக் கொண்டு போகேக்க, வழியில...”

ரஞ்சி அக்கா, “இப்ப ஏன் அதெல்லாம்” என்று எழுந்தார். டாக்டர் ஐயா கையசைத்து அவரை இருத்தினார். எப்போது வலி கண்டது, தண்ணீர் எப்போது உடைந்தது, இரத்தம் போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அதுவரை கேளாத குரல் அது. மெதுவான, எந்த அலங்காரமும் இல்லாத குரல்.

“எல்லாரும் விதி எண்டு சொல்லிச்சினம்,” என்றார் யோகன். “நீங்கள் சொல்லுங்கோ ஐயா. நீங்கள் அங்க இருந்திருந்தால்?”

டாக்டர் ஐயா கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

“வெட்டி எடுத்திருப்பன். ரெண்டு பேரும் தப்பியிருப்பினம்.”

யோகன் தலையாட்டினார். “இதைத்தான் கேக்க வந்தனான். நானும் உங்களுக்குத்தான் வோட்டுப் போட்டனான் ஐயா. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு.”

அழுதது யோகன் அல்ல, டாக்டர் ஐயாதான். எழுந்து போய் யோகனின் தோளில் கைவைத்தார். யோகன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரே குடையில் இருவரும் பஸ் தரிப்பு வரை நடந்து போனதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு கதிரைகள் சாப்பாட்டு மேசையிலேயே இருந்தன. நான் தயார் செய்து வைத்திருந்த குறையும் என்னோடே இருந்தது. டாக்டர் ஐயா தன் அறையை விட்டு வரவில்லை. யோகன் சில மாதங்களில் ஒஸ்ரேலியா போய்விட்டார். நான் கலியாணம் கட்டித் தலைநகர் வெலிங்டனுக்குப் போனேன். டாக்டர் ஐயா இறந்த சேதி எனக்குப் பிந்தித்தான் வந்தது.

இப்போது அந்த வீடு இருந்த காணியில் ஒட்டி ஒட்டி ஐந்தாறு மாடிவீடுகள். யாரார் இருக்கிறார்களோ தெரியாது. ஐயாவின் தொகுதிக்கும் இன்று தனியாக ஓர் எம்.பி. இல்லை, அதை மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். கல்லறைக் கல்லில் என்ன எழுதினீர்கள் என்று ரஞ்சி அக்காவிடம் ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன்.

“டாக்டர் எண்டு மட்டும்தான். எம்.பி. எண்டு போடவேண்டாமெண்டு அப்பாவே சொல்லிப்போட்டுத்தான் போனவர்.”